'வருத்தம்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்? உணர்வுச் சொற்களைக் கற்க எந்த வழி நல்லது?

சில வருடங்களுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒருவரின் அம்மா இறந்துபோனார். அந்தச் சக ஊழியர் இங்கிலாந்தில் இருந்தார், நான் திருச்சியில். நேரில் போய்த் துக்கம் விசாரிக்க வழியில்லை, மின்னஞ்சல்தான் அனுப்ப முடியும். அப்போது நான் சோகத்தைச் சொல்லும் ஐம்பது ஆங்கிலச் சொற்கள் அடங்கிய ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அதில் 'டிப்ரஸ்ட்' என்பதற்கு நேரே 'மிகவும் வருத்தமான' என்று போட்டிருந்தது. 'ஸேட்' என்று எழுதினால் சின்னப் பிள்ளை எழுதியது போல இருக்குமே என்று நினைத்து, செய்தி கேட்டதிலிருந்து நான் மிகவும் டிப்ரஸ்ட் ஆக இருக்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மனிதர், நான் நலமா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசினேனா, மருத்துவரைப் பார்த்தேனா என்று கேட்டிருந்தார். ஆங்கிலத்தில் டிப்ரஸ்ட் என்பது மனச்சோர்வு நோயையும் குறிக்கும். ஆறுதல் பெற வேண்டியவர் எனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிட்டது. அந்த மடலை இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அங்கே வேண்டியிருந்தது 'ஸாரி' என்ற சின்னச் சொல். நம் ஊரில் அது மன்னிப்புக் கேட்கும் சொல்லாகவே புழங்குகிறது. காலை மிதித்துவிட்டால் ஸாரி, தாமதமாக வந்தால் ஸாரி. ஆங்கிலத்தில் அது ஒரு பெயரடை. அடுத்தவர் துன்பத்துக்காக நாம் மனம் நோவதையும் அது குறிக்கும். சாவுச் செய்தி கேட்டவர்கள் முதலில் சொல்வதே 'ஐ ஆம் ஸோ ஸாரி' என்றுதான். நான் படித்த ஐம்பதில் ஸாரி இல்லை.

அதற்கப்புறம் இந்தச் சொற்களை எப்படிக் கற்பது என்பதில் எனக்குத் தனி அக்கறை வந்துவிட்டது. பட்டியல், உணர்வுச் சக்கரம், அகராதி, நினைவட்டை, வாசிப்பு, நாட்குறிப்பு என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். மாலையில் என்னிடம் ஆங்கிலம் பழக வருகிறவர்களையும் செய்ய வைத்தேன். எது யாருக்கு உதவும் என்று எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

நமக்கு எங்கே இடறுகிறது

வழிகளை ஒப்பிடும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். தமிழ் பேசுகிறவருக்கு இந்தச் சொற்களில் வரும் சிக்கல் வேறு மாதிரியானது. அதைத் தீர்க்காத எந்த வழியும் பாதி வழிதான்.

'வருத்தம்' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அவன் மேல எனக்கு வருத்தம்' என்கிறோம். அது ஆங்கிலத்தில் 'ஹர்ட்' அல்லது 'அப்செட்'. 'மார்க்கைப் பார்த்ததும் வருத்தமாகிவிட்டது' என்றால் 'டிஸப்பாயின்டட்'. 'அவங்க அப்பா தவறிட்டார்னு கேட்டு வருத்தப்பட்டேன்' என்றால் 'ஸாரி'. 'அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது, இப்போது வருத்தப்படுகிறேன்' என்றால் 'ரிக்ரெட்' என்ற வினைச்சொல் வந்து நிற்கும். காரணம் ஒன்றும் இல்லாமல், சாயங்கால வேளையில் மனசு சும்மா வருத்தமாக இருந்தால் 'ஸேட்', இல்லையென்றால் 'டௌன்'. தமிழில் இந்த வேறுபாடுகள் இல்லாமல் இல்லை. 'மேல', 'பார்த்து', 'கேட்டு' என்ற பக்கத்துச் சொற்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆங்கிலத்தில் பெயரடையே மாறிவிடுகிறது. ஆகவே 'வருத்தம் என்றால் ஸேட்' என்று ஒற்றைக்கு ஒற்றையாகப் படித்தவர் ஐந்தில் நான்கு இடத்தில் தடுமாறுவார்.

இதே சிக்கல் இன்னொரு இடத்திலும் உண்டு. தமிழின் 'தனியாக இருக்கிறேன்' என்பது ஆங்கிலத்தின் 'அலோன்', 'லோன்லி' இரண்டுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் 'அலோன்' என்றால் பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஒருவர் அலோன் ஆக இருந்து நிம்மதியாகவும் இருக்கலாம். 'லோன்லி' என்றால் ஆள் இல்லாத குறை மனத்தை வாட்டுகிறது. கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு நடுவிலும் ஒருவர் லோன்லி ஆக இருக்க முடியும்.

அடுத்தது வாக்கிய அமைப்பு. தமிழில் உணர்வு நம்மிடம் வருகிறது: எனக்குக் கோபம் வந்தது, எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குச் சலிப்பாக இருக்கிறது. ஆங்கிலத்தில் 'நான்' என்பதோடு பெயரடை நேராக ஒட்டிக்கொள்கிறது. இந்த மாற்றத்தில்தான் 'எனக்கு போரா இருக்கு' என்பதை 'ஐ ஆம் போரிங்' என்று சொல்லிவிடுகிறோம். அதற்குப் பொருள், என்னோடு பேசினால் உங்களுக்குச் சலிப்புத் தட்டும் என்பது. உணர்கிறவருக்கு 'போர்ட்', உணர வைப்பதற்கு 'போரிங்'. டிப்ரஸ்ட், டிப்ரஸ்ஸிங், டிஸப்பாயின்டட், டிஸப்பாயின்டிங், எக்ஸைட்டட், எக்ஸைட்டிங் எல்லாம் இதே கணக்கில் வரும்.

மூன்றாவதைப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஏற்கெனவே நம் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலம்தான் அது. 'ஏன் டல்லா இருக்கே?' என்று நாம் அன்போடு கேட்கிறோம். அதை அப்படியே ஆங்கிலம் தாய்மொழியானவரிடம் கேட்டால், 'நீ ஏன் சுவாரசியமில்லாத ஆளாக இருக்கிறாய்' என்று காதில் விழும். பழைய பொருளில் மந்த புத்தி என்பதும் உண்டு. 'ஃபீல் பண்ணாதே' என்பதை 'டோன்ட் ஃபீல்' என்றால் அவருக்கு வாக்கியம் பாதியில் நின்றது போல இருக்கும். என்ன ஃபீல் பண்ண வேண்டாம் என்று காத்திருப்பார். 'டென்ஷன்' என்ற ஒரே சொல்லில் நாம் படபடப்பு, எரிச்சல், வேலைப் பளு மூன்றையும் அடைக்கிறோம். ஆங்கிலத்தில் அவை முறையே 'நெர்வஸ்', 'அனாய்ட்', 'ஸ்ட்ரெஸ்ட்'. 'மூட் அவுட்' என்பது வெளியூர்க்காரருக்குப் புரியவே புரியாது. இவை தமிழுக்குள் நல்ல சொற்கள், அப்படியே இருக்கட்டும். ஆங்கிலம் பேசும்போது இவை வழுக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

இப்போது வழிகளைப் பார்க்கலாம்.

பட்டியலை மனப்பாடம் செய்வது

இலவசம், எளிது, எங்கும் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வரும், ஒரு நிமிட வீடியோவாகவும் வரும். ஒரே மாலையில் நாற்பது சொல் படித்த திருப்தி கிடைக்கும். அடுத்த வாரம் 'க்ளூமி' எது, 'க்ளம்' எது என்று குழம்பும். அந்தக் குழப்பத்துக்கு உங்கள் ஞாபக சக்தியைக் குறை சொல்ல வேண்டாம். ஒரே பொருளுடைய சொற்களை ஒன்றாகக் கட்டிப் படித்தால் அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பதை 1993இல் தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் சோதித்துக் காட்டினார். 1997இல் ராப் வேரிங் ஜப்பானியர்களிடம் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் அதே முடிவுதான் வந்தது. பொருளில் தொடர்பில்லாத சொற்களைவிட, நெருங்கிய பொருள் உள்ளவற்றைச் சேர்த்துப் படிக்க அதிக முயற்சி தேவைப்பட்டது. சோகச் சொற்களின் பட்டியல் என்பது இந்த மோதலுக்கென்றே கட்டியது போல இருக்கிறது.

இன்னொரு குறை, எல்லாச் சொல்லும் ஒரே வரிசையில் ஒரே தகுதியோடு நிற்பது. தினமும் காதில் விழும் 'அப்செட்' டுக்குப் பக்கத்திலேயே, பெரும்பாலும் எழுத்தில் மட்டும் தென்படும் 'டோல்ஃபுல்' இருக்கும். எதை வாயால் சொல்லலாம், எதைக் கண்ணால் படித்து விட்டுவிடலாம் என்று பட்டியல் சொல்லாது. 1852இல் முதலில் வெளிவந்த ரோஜே அவர்களின் சொற்களஞ்சியமும் இந்த விஷயத்தில் அப்படித்தான். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கு, நாக்கு நுனியில் நிற்கும் சொல்லை நினைவூட்ட அது அருமையான நூல். புதிதாகக் கற்பவரை அது ஒரு கூட்டத்துக்கு நடுவில் விட்டுவிட்டுப் போய்விடும்.

ஆனாலும் பட்டியலுக்கு ஓர் இடம் உண்டு. எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு போன்றவற்றுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒத்த சொல், எதிர்ச்சொல் கேள்விகள் வரும். அங்கே சொல்லைப் பார்த்ததும் 'இது சோகப் பக்கம்' என்று அடையாளம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அவர்கள் பட்டியலைத் தாராளமாகப் படிக்கலாம். வேறு உணர்வுச் சொற்களோடு கலந்து படித்தால் மோதல் குறையும். ஒரு நாளைக்கு ஒரு சோகச் சொல், ஒரு கோபச் சொல், ஒரு மகிழ்ச்சிச் சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உணர்வுச் சக்கரம்

வண்ண வண்ணமாக, பூ விரிந்தது போல ஒரு படம் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. ஒன்று 1980இல் ராபர்ட் ப்ளூச்சிக் என்ற உளவியலாளர் முன்வைத்தது. எட்டு அடிப்படை உணர்வுகள். ஒவ்வொன்றும் மையத்துக்கு நெருங்க நெருங்கத் தீவிரமாகும். சோகத்தின் இதழில் வெளியே சிந்தனை வயப்பட்ட மெல்லிய வாட்டம், நடுவில் சோகம், உள்ளே பெருந்துயரம். மற்றொன்று 1982இல் க்ளோரியா வில்காக்ஸ் வெளியிட்டது. இது நடுவில் ஆறு உணர்வுகளை வைத்து வெளியே கிளை பிரிக்கிறது. சோகத்தின் கீழ் லோன்லி, கில்ட்டி, அஷேம்ட் என்று போகும்.

மொழி கற்பவருக்கு இரண்டில் வில்காக்ஸின் சக்கரம்தான் கைகொடுக்கும். ப்ளூச்சிக் தருவது பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். 'ஐ ஆம்' என்பதோடு அவற்றை ஒட்டவைத்தால் வாக்கியம் கெட்டுவிடும். வில்காக்ஸ் தருவது பெயரடைகள். ஆனால் அதுவும் மனம் திறந்து பேசத் தடுமாறுகிறவர்களுக்குத் தங்கள் உணர்வை அடையாளம் காட்டுவதற்காக உருவானது. தமக்கு வந்திருப்பது எந்த உணர்வு என்று தேட உதவும். அந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படி வைப்பது என்று அது சொல்லாது.

சக்கரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். உணர்வுகளைப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல் பகுதியிலும் எட்டுதான்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அத்தோடு நிற்காமல் ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகக் காரணம் சொல்கிறது. அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்படுவது, இழப்பது, இருந்த நிலை தாழ்ந்து தளர்வது, இல்லாமை. இந்த நான்கையும் நான் ஆங்கிலச் சொற்களுக்குக் கூடையாக வைத்துக்கொண்டேன். இளிவுக்குள் 'ஹர்ட்', 'ஹியூமிலியேட்டட்'. இழவுக்குள் 'ஹார்ட்ப்ரோக்கன்', 'க்ரீவிங்'. அசைவுக்குள் 'டௌன்', 'டிஸ்கரேஜ்ட்'. வறுமைக்குள் 'டெஸ்பரேட்', 'ஹோப்லெஸ்'. இது என் சொந்த ஏற்பாடு. இலக்கண ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. எவ்வளவு சோகம் என்று கேட்கும் சக்கரத்தைவிட, எதனால் சோகம் என்று கேட்கும் இந்த முறை என் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆங்கிலப் பெயரடை மாறுவதும் பெரும்பாலும் காரணத்தை வைத்துத்தான்.

அகராதி: எந்த அகராதி?

மொழிபெயர்ப்புச் செயலியில் 'சோகமான' என்று தட்டினால் ஒரு சொல் விழும். அவசரத்துக்குச் சரி. படிக்க அது உதவாது. என்னை 'டிப்ரஸ்ட்' டில் கொண்டுபோய் விட்ட அதே ஒற்றைக்கு ஒற்றைப் பழக்கம்தான் அதுவும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதி. இந்த வகை அகராதிக்கு ஒரு வரலாறு உண்டு. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கே மாணவர்கள் தடுமாறியதைப் பார்த்து, சொல்லின் பொருளோடு அது வாக்கியத்தில் எப்படி நிற்கும் என்பதையும் சேர்த்து ஓர் அகராதி தொகுத்தார். 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்று 'அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்' என்ற பெயரில் நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் இருக்கும் தடித்த புத்தகத்தின் தொடக்கம் அதுதான். லாங்மன் 1978இல் இன்னொரு படி போனது. ஏறக்குறைய 2000 எளிய சொற்களை மட்டும் கொண்டு எல்லாச் சொற்களுக்கும் பொருள் எழுதியது. இரண்டுமே இப்போது இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன, உச்சரிப்பையும் கேட்கலாம்.

இதில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உணர்வுப் பெயரடை ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி கேளுங்கள்.

அதற்குப் பின்னால் என்ன முன்னிடைச்சொல் (வித், இன், ஃபார் போன்றவை) வருகிறது? 'டிஸப்பாயின்டட் வித்' என்றால் ஒரு பொருளோ முடிவோ எதிர்பார்த்தபடி இல்லை. 'டிஸப்பாயின்டட் இன் யூ' என்றால் உன்மேல் வைத்த நம்பிக்கையை நீ கெடுத்துவிட்டாய். அம்மா பிள்ளையிடம் சொன்னால் பிள்ளை அன்றிரவு தூங்காது. 'அப்செட் அபௌட்' விஷயத்தைப் பற்றி, 'அப்செட் வித்' ஆளைப் பற்றி. 'ஸாரி டு ஹியர்' கேட்டு வருந்துவது. 'ஃபீல் ஸாரி ஃபார்' பரிதாபப்படுவது. இதை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் சிறுமைப்படுத்துவது போலக்கூட இருக்கும்.

அதை எவ்வளவு கூட்டிக் குறைக்கலாம்? ஸேட், அப்செட், லோன்லி இவற்றுக்கு முன்னால் 'வெரி' போடலாம். 'டெவஸ்டேட்டட்' என்பது ஏற்கெனவே உச்சம். அதற்கு 'வெரி' ஒட்டாது, 'அப்ஸல்யூட்லி' அல்லது 'கம்ப்ளீட்லி' தான் வரும். நொறுங்கிப்போனேன் என்பதற்கு முன்னால் 'ரொம்ப' போட்டால் நமக்கும் கொஞ்சம் இடிக்கும் இல்லையா, அது மாதிரி.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்குமா? 'ஸேட்' நிற்கும். 'அஃப்ரெய்ட்', 'அலோன்' நிற்காது. 'அப்செட்' மனவருத்தப் பொருளில் பொதுவாக வினைக்குப் பின்னால்தான் வரும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் அநேகமாக வயிற்றுக் கோளாறைப் பற்றிய பேச்சு.

யார் எங்கே சொல்வது? 'கட்டட்' (ஏமாற்றத்தில் நொந்துபோன) என்பது பிரிட்டனில் பந்தயம் தோற்றவர்களும் வேலை கிடைக்காதவர்களும் நண்பர்களிடம் சொல்வது. விண்ணப்பக் கடிதத்தில் எழுதுவதற்கில்லை. 'மெலன்கலி' எழுத்தில் அழகாக இருக்கும். கிரேக்கத்தில் கரும்பித்தம் என்ற பொருளில் பிறந்த சொல் அது; கடைத்தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'அன்ஹாப்பி' பார்ப்பதற்குச் சோகச் சொல் போல இருக்கும், ஆனால் 'அன்ஹாப்பி வித் தி சர்வீஸ்' என்று கடிதத்தில் வந்தால் அது புகார்.

ஒரு சொல்லுக்கு இந்த நான்கையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். ஐம்பது சொல் படிக்கும் மாலையில் நான்கு சொல்தான் முடியும். அந்த நான்கும் உங்களோடு தங்கும்.

ஒரு துணை யோசனை. க்ரியா வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதி, முதல் பதிப்பு 1992இல் வந்தது, தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தரும். 'ஏக்கம்', 'ஆதங்கம்', 'விரக்தி', 'சலிப்பு', 'நெகிழ்ச்சி' என்று நம் சொற்களை அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள். நாம் என்ன உணர்கிறோம் என்பதைத் தமிழில் முதலில் பிரித்துக்கொண்டால் ஆங்கிலத்தில் தேட வேண்டியது தெளிவாகும். நெகிழ்ச்சிக்கு 'டச்ட்', 'மூவ்ட்' இரண்டும் நன்றாகப் பொருந்தும். மனம் உடைவதும் ஹார்ட்ப்ரோக்கனும் கிட்டத்தட்ட ஒரே படிமம்தான். 'ஆதங்கம்' என்பதற்கு மட்டும் ஒரு பெயரடையில் அடங்கும் சொல் எனக்கு இதுவரை அகப்படவில்லை. ஒரு வாக்கியமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஹோம்சிக்' அதற்கு எதிர்ப்பக்கம். அவர்களுக்கு ஒரே சொல், நமக்கு 'ஊர் நினைப்பு வாட்டுகிறது'.

நினைவட்டைச் செயலி

மறதியைப் பற்றி ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே வைத்துச் சோதித்து 1885இல் எழுதினார். படித்தது முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நழுவுகிறது என்பது அவர் கண்டது. நழுவும் நேரம் பார்த்துத் திரும்பக் காட்டுவதுதான் ஆங்கி போன்ற செயலிகளின் வேலை. ஆங்கி 2006இலிருந்து இருக்கிறது; கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இது கற்றதைக் காப்பாற்றும் கருவி. தப்பாகக் கற்றதையும் அதே விசுவாசத்தோடு காப்பாற்றும். அட்டையின் ஒரு பக்கம் 'டிப்ரஸ்ட்', மறுபக்கம் 'மிகவும் வருத்தமான' என்று எழுதினால் என் கதைதான் நடக்கும். அதற்குப் பதில் ஒரு சூழலை எழுதி, சொல் வரும் இடத்தைக் காலியாக விடுங்கள். 'தோழியின் தாத்தா இறந்துவிட்டார், அவளுக்குச் செய்தி அனுப்புகிறாய்' என்று முன்பக்கம். பின்பக்கம் முழு வாக்கியம். ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டைக் கட்டுகளை இறக்கிப் படிப்பதைவிட, தானே எழுதிய இருபது அட்டை மேல்.

கதை, தொடர், செய்தி

சொல்லின் குரல் இங்கேதான் கேட்கும். 'ஐ வாஸ் அ பிட் அப்செட்' என்று ஒரு ஆங்கிலேயர் அமைதியாகச் சொன்னால், அந்தக் 'கொஞ்சம்' உண்மையில் கொஞ்சம் இல்லை என்பதை எந்த அகராதியும் சொல்லித் தராது. முகத்தைப் பார்த்தால் தெரியும். செய்தியில் குடும்பத்தை இழந்தவர்கள் 'டெவஸ்டேட்டட்' என்கிறார்கள், தோற்ற அணியின் பயிற்சியாளர் 'டிஸப்பாயின்டட்' என்கிறார். இரண்டையும் பத்துத் தடவை கேட்டபின் இடம் மாற்றிச் சொல்ல வாய் வராது.

குறை, நேரம். ஒரு சிறுகதையில் தேவையான பெயரடை இரண்டுதான் வரும். நல்ல எழுத்தாளர்கள் அதைக்கூடத் தவிர்த்து, கதாபாத்திரத்தைத் தேநீரை ஆறவிட்டு ஜன்னலைப் பார்க்க வைத்துவிடுவார்கள். மூன்று மாதத்தில் தேர்வு எழுதப் போகிறவர் இதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு வருடம் கையில் இருப்பவருக்கு இதைவிட இனிமையான வழி இல்லை.

நாட்குறிப்பும் ஒரு துணையும்

தினமும் மூன்று வரி. இன்று என்ன நடந்தது, அப்போது எப்படி இருந்தது, ஏன். அந்த 'ஏன்' கட்டாயம். 'ஐ வாஸ் ஸேட்' என்று எழுதிவிட்டு நிறுத்தினால் வருடம் முழுக்க அதே சொல்தான். 'பிகாஸ்' என்று தொடங்கிக் காரணத்தை எழுதும்போதுதான் ஸேட் போதவில்லை என்று தெரியும். பஸ்ஸில் நடத்துநர் எல்லார் முன்னாலும் கத்தினார் என்றால் அது ஹியூமிலியேட்டட். அண்ணன் கூப்பிடுகிறேன் என்று சொல்லிக் கூப்பிடவில்லை என்றால் டிஸப்பாயின்டட், ஒருவேளை ஹர்ட். அந்த இடத்தில் அகராதியைத் திறந்தால் அந்தச் சொல் உங்கள் சொந்தச் சொல் ஆகிவிடும்.

இதன் பலவீனம், தப்பைத் திருத்த ஆள் வேண்டும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒரு அக்காவோ நண்பரோ வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். யாரும் இல்லையென்றால் செயற்கை அறிவுச் செயலியிடம் காட்டலாம். காட்டும்போது 'திருத்து' என்று மட்டும் சொல்லாமல், இந்தச் சொல்லைக் கேட்டால் ஒருவர் என்ன நினைப்பார் என்று கேளுங்கள். பதிலை அகராதியில் சரிபாருங்கள். அந்தரங்கமான விஷயங்களை அங்கே எழுத வேண்டாம்.

சரி, யார் எதை எடுப்பது?

என்னைப் பொறுத்தவரை கற்போர் அகராதியும் நாட்குறிப்பும் சேர்ந்த வழிதான் முதலில் நிற்கிறது. நினைவட்டை அதற்குத் துணை. சக்கரம் ஒரு நாள் பார்த்துவிட்டுச் சுவரில் ஒட்டிவைக்க. பட்டியல் கடைசி. ஆனால் உங்கள் தேவை இதை மாற்றும்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்குப் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசிக்கலாம், இரண்டு நிமிடம் வரை பேசலாம். அந்த அட்டையின் கடைசி வரி அடிக்கடி 'அப்போது எப்படி உணர்ந்தீர்கள்' என்று முடியும். சொல்வளம் நான்கு மதிப்பீட்டு அளவுகோல்களில் ஒன்று என்பதால் பலர் அங்கே பெரிய பெரிய சொற்களைக் கொட்டுகிறார்கள். 'லாக்ரிமோஸ்' (கண்ணீர் ததும்பும்) என்று சொல்லி முன்னிடைச்சொல்லில் தடுக்கி விழுவதைவிட, 'அட் ஃபர்ஸ்ட் ஐ வாஸ் அப்செட், தென் ஐ ஃபெல்ட் ரிலீவ்ட்' என்று உணர்வு மாறியதைச் சொல்வது மேல். அவர்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து பத்துச் சம்பவம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயரடை தேர்ந்து, வாய்விட்டுப் பேசிப் பழகட்டும்.

வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போகும் செவிலியர்களைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் பேச்சுப் பகுதியில் நோயாளியோடு பேசுவது போல இரண்டு உரையாடல் உண்டு. நோயாளியின் மனநிலையைப் புரிந்துகொண்டு பேசுகிறார்களா என்றும் மதிப்பிடுகிறார்கள். வேலையில் சேர்ந்தபின் மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் கைக்கு வரும். அதன் இரண்டாவது கேள்வியிலேயே 'டௌன்', 'டிப்ரஸ்ட்', 'ஹோப்லெஸ்' என்று மூன்று பெயரடைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு பாட்டி 'ஐ ஆம் அ பிட் லோ டுடே' என்றால் அதைக் காதில் வாங்கிக் குறிப்பேட்டில் சரியாக எழுத வேண்டும். 'டல்' என்று எழுதினால் அடுத்த வேளை வருகிறவருக்கு வேறு பொருள் போய்ச் சேரும். இவர்கள் பேசுவதற்கு முன் கேட்கப் பழக வேண்டும். ஆகவே தொடர், நேர்காணல், நோயாளிகள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் காணொளி இவைதான் முதல் வழி. அகராதி அடுத்தது. சொல்வதற்கு ஐந்தாறு வாக்கியம் தடையில்லாமல் வந்தால் ஆரம்பத்துக்குப் போதும்: 'ஐ ஆம் ஸாரி யூ ஆர் இன் பெய்ன்', 'யூ ஸீம் வொரீட்', 'தட் மஸ்ட் பி வெரி அப்செட்டிங்'.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற பெற்றோர்களுக்கு இன்னொரு தேவை. பிள்ளை பள்ளியிலிருந்து வந்து 'ஐ ஃபீல் லெஃப்ட் அவுட்' என்று சொல்லும். ஒதுக்கப்பட்டது போல இருக்கிறது என்று அர்த்தம். அதைச் 'சோகமா இருக்கியா' என்று சுருக்கினால் பிள்ளை அடுத்த தடவை சொல்லாது. அவர்களுக்குச் சக்கரம் நல்ல துணை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, இரவு சாப்பிடும்போது ஆளுக்கொரு சொல்லைத் தொட்டு அன்றைக்கு நடந்ததைச் சொல்லலாம், பக்கத்திலேயே தமிழ்ச் சொல்லையும் எழுதி வைத்து. என்னிடம் படித்த ஒரு அம்மா அப்படித்தான் செய்கிறார். 'ஹர்ட்' டுக்குப் பக்கத்தில் அவர் பையன் தன் கையெழுத்தில் 'மனசு வலிக்குது' என்று எழுதியிருக்கிறான்.